டீனேஜர் என்றொரு உயிரினம் கிடையாது

பையன் எதிர்த்துப் பேசினாலும் சரி, பொண்ணு கதவைச் சாத்திக்கிட்டாலும் சரி, "டீனேஜ் இல்லையா, அப்படித்தான் இருக்கும்"னு ஒரு டயலாக் விடுறோமே, அந்த வார்த்தையோட ஜாதகத்தைக் கொஞ்சம் பார்ப்போமா?

ஆங்கிலத்தில் தேர்ட்டீன் முதல் நைன்ட்டீன் வரை ஏழு எண்களுக்கு வாலில் 'டீன்' இருக்கு. டீன்னா பத்து. அவ்ளோதான் மேட்டர்! லெவன், ட்வெல்வ் ரெண்டும் 'பத்து போக ஒண்ணு மிச்சம், ரெண்டு மிச்சம்' என்கிற பழைய ஜெர்மானியச் சொற்களிலிருந்து வந்ததால வால் இல்லாம தப்பிச்சிடுச்சு. நமக்குப் பதினொண்ணிலேயே பத்து வந்துடுது. பிரெஞ்சுக்காரங்களுக்குப் பதினேழில்தான் பத்து வெளியே தெரியும். அப்போ மதுரையில் பதினொண்ணிலும் பாரிஸில் பதினேழிலும் ஹார்மோன் வேலையை ஆரம்பிக்குமா? :-)

'டீனேஜர்' என்கிற சொல் பரவினதே 1940களில், அமெரிக்காவில்தான். ஹைஸ்கூல் படிப்பு பரவலாகி, கையில் பாக்கெட் மணியோட ஒரு பெரிய கூட்டம் உருவானதும் கடைக்காரங்க கண்ணு அங்கே போச்சு. 'செவன்டீன்' பத்திரிகை 1944இல் வந்துச்சு. துணிமணியும் இசைத்தட்டும் விக்கிறதுக்கு ரொம்ப வசதியா அமைஞ்ச பேர் இது.

பேர் எங்கிருந்து வந்தா உனக்கென்னய்யான்னு கேப்பீங்க. விஷயம் இருக்கு. நம்ம நாட்டில் 1989லிருந்து ஓட்டுப் போடும் வயசு 18. ஓட்டுப் போடுற பத்தொன்பது வயசுக்காரரையும், எட்டாம் வகுப்பு படிக்கிற பதிமூணு வயசுப் பிள்ளையையும் ஒரே டப்பாவில் போட்டு மூடுது இந்த வார்த்தை. நான் கோடு எழுதும்போது இப்படி ஒரு கண்டிஷன் வெச்சா ரிவ்யூவிலேயே துப்பிடுவாங்க.

பதினாலு வயசுப் பொண்ணை ஒரு வளர்ந்த ஆள் ஏமாத்திக் கூட்டிட்டுப் போனா, அதுக்கும் 'டீனேஜ் காதல்'னு தலைப்பு வைக்கிறாங்க. 2012இல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயசு நிறையாத எல்லாருமே குழந்தைகள். சட்டம் குழந்தைன்னு சொல்றவளை ஒரு தலைப்பு காதலியாக்கிடுது. இது வெறும் மொழிப் பிரச்சினையா?

'பதின்ம வயது'ன்னு தமிழாக்கம் பண்ணிட்டா தீர்ந்துச்சான்னா, அதுவும் இல்லை. அதே டப்பாவுக்குத் தமிழ் லேபிள், அவ்வளவுதான்.

அதனால, எழுதுறவங்களுக்கு ஒரே வேண்டுகோள். வயசையே எழுதுங்க. 14ன்னா 14, 19ன்னா 19. கீபோர்டில் ரெண்டே தட்டு.