ஃபுட்ரெஸ்ட்டை இறக்காதீங்க, சீட்டை ஏத்துங்க

லீவில் ஊருக்குப் போகும் நம்மில் பல பேருக்கு ஒரு வியாதி உண்டு. பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே, சொந்தத்தில் யாருடைய பைக் சும்மா நிற்கிறது என்று கண் தேடும். பதினைந்து வருஷம் கார் சீட்டிலும் ஆபீஸ் நாற்காலியிலும் ஊறிய உடம்பு, நாகர்கோவில் காற்று பட்டதும் காலேஜ் பையனாகிவிடும். முட்டிக்கு மட்டும் உண்மை வயசு தெரியும் :-)

போன லீவில் எனக்குச் சிக்கியது மச்சினனின் 350 சிசி வண்டி. பிள்ளைகளை ஆச்சியிடம் விட்டுவிட்டு, நானும் தங்கமணியும் காலை ஐந்தரைக்கே கிளம்பிவிட்டோம். களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை, ஆரியநாடு வழியாக வித்துரா. அங்கே கட்டன் சாயா, பழம்பொரி. பிறகு கல்லாறு, அதற்கு மேல் பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகள். கல்யாணமான புதிதில் போன அதே ரூட்.

வண்டி சொகுசோ சொகுசு. காரணம் இருந்தது. மச்சினன் ஆறடிக்கு மேலே. முட்டி வலிக்கிறது என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொல்லியிருக்கிறான். அவர்கள் கம்பெனி ஃபுட்ரெஸ்ட்டை அறுத்துப் போட்டுவிட்டு, ஐந்து சென்டிமீட்டர் கீழே ஒரு இரும்புப் பட்டையை வெல்டிங் வைத்து, அதில் கம்பியும் ரப்பரும் மாட்டித் தந்துவிட்டார்கள். "அத்தான், சோஃபால இருக்கது மாதிரி இருக்கும், பாருங்க" என்றுதான் சாவியைக் கொடுத்தான். இருந்தது. வித்துரா வரைக்கும் முட்டி என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது.

இறங்கும்போதுதான் வினை. ஒரு இடது வளைவு. நம் ஊரில் இடது பக்கம் போகிறோம் என்பதால் மலையில் இடது வளைவுதான் வலதைவிட இறுக்கம். வேகம் இருபத்தைந்துகூட இருக்காது. சாய்த்தேன். கீழே 'கரக்' என்றது. பின்சக்கரம் அப்படியே வெளியே விலகியது. லெக் கார்டு தாங்கியதால் வண்டி எங்கள் மேல் முழுசாக விழவில்லை. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. தங்கமணிக்குக் கணுக்கால். எலும்பு முறியவில்லை, ஆனால் மூன்று வாரம் நொண்டினாள். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் வீல்சேர். "சோஃபா எப்படிங்க இருந்தது?" என்று வீல்சேரில் இருந்தபடி கேட்டாள் பாருங்கள், அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

வித்துராவில் வண்டியைப் பார்த்த மெக்கானிக் அதிகம் பேசவில்லை. கால் வைக்கும் கம்பியை மேலே தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. "சாரே, இது மடங்காதே" என்றார். அந்த ஒரு வரியில் எல்லாம் இருக்கிறது.

கம்பெனி ஃபுட்ரெஸ்ட் ஏன் மேல்நோக்கி மடங்குகிறது? பார்க்கிங்கில் இடிக்காமல் இருக்க என்றுதான் ரொம்ப நாள் நானும் நினைத்திருந்தேன். வண்டி சாயும்போது முதலில் தரையைத் தொடுவது பெரும்பாலும் அதன் நுனிதான். தொட்டதும் மடங்கி, உரசி, சத்தம் போட்டு 'போதும்டா' என்று எச்சரிக்கும். மடங்காத கம்பி எச்சரிக்காது. நெம்புகோல் போல ஊன்றிக்கொண்டு டயரின் மேல் இருக்கும் பாரத்தை வாங்கிக்கொள்ளும். பாரம் போனால் பிடிப்பும் போச்சு. எங்களுக்கு நடந்தது அதுதான்.

கொஞ்சம் கணக்கு (தப்பித்து ஓடாதீர்கள், பத்தாம் கிளாஸ் கணக்குதான்). ஃபுட்ரெஸ்ட் நுனி வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 35 செ.மீ. வெளியே, தரையிலிருந்து 28 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டயரின் அகலத்தை விட்டுவிட்டால் சுமார் 39 டிகிரி சாயும் வரை அது தரையைத் தொடாது. ஐந்து செ.மீ. இறக்கினால் 33. பின்னால் ஆள் உட்கார்ந்து, பிரேக்கும் பிடித்து, சஸ்பென்ஷன் இன்னொரு ஐந்து செ.மீ. அமுங்கினால் 27. இப்போது வளைவுக்கு வாருங்கள். 8 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் 20 கி.மீ. வேகத்தில் போக 21 டிகிரி சாய்வு போதும். 25 கி.மீ. என்றால் 32 டிகிரி. ஐந்து கிலோமீட்டர் வேகம்தான் வித்தியாசம்! மெதுவாகத்தானே போகிறோம் என்ற தைரியம் கொண்டை ஊசியில் செல்லாது.

அதனால் என் கட்சி இதுதான்: முட்டி வலித்தால் ஃபுட்ரெஸ்ட்டைத் தொடாதீர்கள், சீட்டைத் தொடுங்கள். முட்டி எவ்வளவு மடங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் நடுவிலுள்ள தூரம். அதைக் கீழே கூட்டினாலும் மேலே கூட்டினாலும் முட்டிக்கு ஒன்றுதான். தரைக்கு ஒன்றல்ல. சீட் தைக்கிற கடையில் கெட்டியான ஃபோம் மூன்று செ.மீ. வைத்து ரெக்ஸின் மாற்றினால், தரை இடைவெளி இம்மிகூடக் குறையாமல் கால் நீளும். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் மேலே திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவே. மச்சினன் மாதிரி நெட்டைகளுக்கு இதுவே சரியான வழி. நிற்கும்போது கால் எட்டாது என்ற பயமும் அவர்களுக்குக் கிடையாது.

சில பேருக்கு முட்டியில் வலியே இருக்காது, கணுக்காலில்தான் இருக்கும். கியர் லீவரைத் தண்டிலிருந்து கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினாலே போதும். பிரேக் பெடலின் உயரத்துக்கும் போல்ட் இருக்கிறது. இதையெல்லாம் பார்க்காமலே நேராக வெல்டிங்குக்குப் போகிறோம்.

குட்டையானவர்கள் சீட்டை ஏற்ற முடியாதே என்றால், சரி, ஃபுட்ரெஸ்ட்டை மாற்றுங்கள். ஆனால் போல்ட்டில் மாட்டும் பிராக்கெட்டாக இருக்கட்டும், இரண்டு மூன்று செ.மீ.க்கு மேல் வேண்டாம், மடங்கும் கம்பி மடங்கியே ஆக வேண்டும். லெக் கார்டில் கம்பி வைத்து காலை முன்னால் நீட்டிக்கொள்ளும் கோஷ்டிக்கு மட்டும் என்னிடம் இரக்கம் கிடையாது. 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடுகிறது. கால் பிரேக்குக்கு வந்து சேர அரை வினாடி என்றால் எட்டு மீட்டர் போச்சு. நாலுவழிச் சாலையில் எருமை அதற்குள் குறுக்கே வந்து நின்றிருக்கும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் தந்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று 182ஏ பிரிவு சேர்ந்தது. இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி அமைப்பை மாற்றுவதுதான் 'மாற்றம்' என்று சட்டமே விளக்கம் தருகிறது. சீட்டில் ஃபோம் வைப்பது அதில் வராது என்பது என் அபிப்பிராயம். ஃப்ரேமை அறுத்து வெல்டிங் வைத்துவிட்டு அதே வாதத்தை வைக்க எனக்கு வாய் வராது. உடல் குறை உள்ளவர்களுக்காக வண்டியை மாற்றியமைக்க இதே 52-வது பிரிவு வழி விட்டிருக்கிறது. எல்லா உடம்பும் ஒன்றல்ல என்பது சட்டத்துக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

இத்தனை பேசியும் பின்னால் உட்காருகிறவரைப் பற்றிப் பேசவில்லை பாருங்கள். நாம் எல்லோரும் செய்கிற தப்பு இது. பின் ஃபுட்ரெஸ்ட் பெரும்பாலும் முன்னதைவிட உயரம், அங்கே முட்டி இன்னும் மடங்கும். வலது பக்கம் சைலன்சர் சூடு வேறு. புடவையோடு ஒருபக்கமாக உட்காருகிறவர்களுக்கு இடது பக்கத்துத் தகடுதான் கதி. பின்னால் ஆள் ஏறும் பைக்கில் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், துணி சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியை மறைக்கும் தடுப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. அழகாக இல்லை என்று இளவட்டங்கள் முதலில் கழற்றிப் போடுவது அந்தத் தடுப்பைத்தான்.

மச்சினன் இப்போது பழையபடி கம்பெனி ஃபுட்ரெஸ்ட் போட்டு, சீட்டை மூன்று செ.மீ. ஏற்றிவிட்டான். அவனுக்குப் பரம திருப்தி. மாமியாருக்குத்தான் கோபம். "இனி இதுல ஏறணும்னா ஏணி கொண்டு வரணும்லா" என்று போனில் சொன்னார்கள். நியாயம்தான். சீட்டின் பின்பாதியை மட்டும் பழைய உயரத்துக்கே தைக்கச் சொல்லியிருக்கிறேன். தங்கமணி அடுத்த லீவில் அளந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவாளாம். டேப்பை இப்போதே பெட்டியில் எடுத்து வைத்துவிட்டாள்.