ராயபுரத்துக்குக் குடி வந்தவர் கவனத்துக்கு!

"ராயபுரத்திலா வீடு பார்த்திருக்கிறாய்? வேறு இடமே கிடைக்கவில்லையா?"

வெளியூரில் இருந்து வேலை மாற்றலாகி வருகிறவர், ராயபுரத்தில் வாடகைக்கு வீடு பிடித்துவிட்டதாகச் சொன்னால், சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. கேட்பவர்களில் பலர் ராயபுரத்தில் கால் வைத்ததே கிடையாது. சினிமாவில் பார்த்ததோடு சரி! கத்தி, அரிவாள், கண்டெய்னர் லாரி... வடசென்னை என்றால் இவ்வளவுதான் என்பது அவர்கள் நினைப்பு.

வந்தவரும் பயந்து போகிறார். காலையில் கதவைப் பூட்டியதும் பஸ். மாலையில் பஸ்சை விட்டு இறங்கியதும் கதவு. ஆறு மாதம் இப்படியே ஓடிவிடுகிறது. அடுத்த தெருவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறார். இதைக் குடியிருப்பது என்று எப்படிச் சொல்வது?

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவர் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட வேண்டும். மேற்கு மாதா கோவில் தெருவையும் அதன் சுற்றுப்புறத்தையும் நடந்து பார்க்க வேண்டும்.

பெயர் வந்த கதை

"பீட்டர்" என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் புனிதரைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்பார்கள். அவர் பெயரால்தான் ராயபுரம் என்று ஊருக்குப் பெயர் வந்ததாகச் சொல்லப்படுகிறது. அவருக்கு இங்கே கோவில் எழும்பியது 1829-ம் ஆண்டில். கட்டியது ராஜாவும் அல்ல, ஜமீன்தாரும் அல்ல. படகோட்டிப் பிழைத்த குருகுல வன்னியர்கள்!

அப்போது சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் தூரத்தில் நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலா படகில்தான் கரைக்கு வர வேண்டும். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகாக இருந்தால், இந்தக் கரையின் அலை அதை உடைத்துவிடும். கயிற்றால் தைத்ததோ வளைந்து கொடுக்கும். அலையோடு தினமும் மல்லுக்கு நின்று சம்பாதித்த காசில் எழுந்த கோவில் அது. அப்படிப்பட்டவர்கள் வாழ்ந்த ஊரைப் பார்த்துத்தான் சொந்தக்காரர்கள் மூக்கைப் பிடித்துக் கொள்கிறார்கள்!

மேற்கு மாதா கோவில் தெருவிலேயே பார்சிகளின் அக்கினிக் கோவிலும் இருக்கிறது. கிளப்வாலா குடும்பத்தைச் சேர்ந்த செல்வந்தர் ஒருவர், இறந்துபோன மகன் ஜாலின் நினைவாக 1910-ம் ஆண்டில் கட்டியது. தமிழ்நாட்டில் பார்சிகளுக்கு இது ஒன்றுதான் அக்கினிக் கோவில். மற்றவர்கள் உள்ளே போக முடியாது. வாசலோடு பார்த்துவிட்டு நடக்கலாம்.

முதல் ரெயில்

துறைமுகப் பக்கம் திரும்பினால் ராயபுரம் ரெயில் நிலையம். 1856-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. சென்டிரல் நிலையம் வந்தது 1873-ல். அதுவரை சென்னையின் வாசல் ராயபுரம்தான். பம்பாயிலும் தானாவிலும் 1853-ல் ரெயில் ஓடியபோது இருந்த பழைய கட்டிடங்கள் இன்று இல்லை. ராயபுரத்தில் தூண்களோடு இன்னும் நிற்கிறது. 2005-ம் ஆண்டில் அதைப் பழுதுபார்த்துப் புதுப்பித்தார்கள்.

அரசியலில் ஆர்வம் உள்ளவர், ராபின்சன் பூங்கா எங்கே என்று விசாரிக்கலாம். 1949-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த இடம். இப்போது அது அண்ணா பூங்கா.

வீட்டில் மீன் சமைப்பவர்கள் என்றால் காசிமேட்டை விடலாமா? ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் போக வேண்டும். வஞ்சிரம், சங்கரா, கடம்பா, நெத்திலி என்று கூடை கூடையாக இறங்கும். "வா நைனா, இன்னா வேணும்?" என்ற குரலில் மிரட்டல் எதுவும் இல்லை, அது வரவேற்பு என்பது இரண்டாவது வாரம் புரிந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பதும், அந்த நாட்களில் வஞ்சிரத்தின் விலையைக் கேட்கக் கூடாது என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

நடக்க வழி?

நடக்கச் சொல்வது எளிது. நடைபாதையில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதை ஒட்டிக் கடைச் சாமான். கீழே இறங்கினால் ஆட்டோ. துறைமுகச் சாலையிலோ லாரிகளின் வரிசை. கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு எந்தத் தாய் நடப்பாள்? குடி வந்தவர் வெளியே வருவதில்லை என்று அவரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. வழியைச் சரி செய்ய வேண்டியவர்களும் ஒருமுறை செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படட்டும். ஜீப்பில் வேண்டாம், நடந்தே வரட்டும்.

போன விடுமுறைக்கு ஊரில் இருந்து விருந்தாளிகள் வந்திருப்பார்கள். அவர்களை எங்கே அழைத்துப் போனார் நம் ராயபுரத்துக்காரர்? மெரினாவுக்கும், வண்டலூருக்கும்! கூப்பிடு தூரத்தில், தென்னாட்டின் முதல் ரெயில் புறப்பட்ட நிலையம் இருப்பதை அவருக்கே யாரும் சொல்லவில்லை.