ஊசி நமக்கு, பென்சில் பிறர்க்கா?

இலங்கையின் ஏற்றுமதியில் தேயிலை வகித்த முதலிடத்தை 1986 ஆம் ஆண்டில் ஆடைத்தொழில் பற்றிக்கொண்டது. கொழுந்து பறித்த தாயின் மகள், மலையிறங்கிக் கட்டுநாயக்காவிலும் பியகமவிலும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தாள். நாட்டுக்கு டொலர் ஈட்டித்தரும் இரு பெருந்தொழில்களிலும் தேய்வன நம் பெண்களின் விரல்கள். ஆனால், அந்த ஆடை எவ்வாறு அமைய வேண்டும் என்று தாளில் வரைந்து தீர்மானிக்கும் மேசையருகே நம் பிள்ளைகள் எத்தனை பேர்? தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கல்விதான் இலவசமாயிற்றே என்பர் சிலர். உண்மை. 1945 இல் கன்னங்கரா நாட்டுக்களித்த அந்தக் கொடையை நாம் நன்றியோடு நினைக்கிறோம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்புக்கென்றே நான்காண்டுப் பட்டப்படிப்பு உண்டு, கட்டணம் இல்லை. தனியார் கல்லூரிகளிலோ பல இலட்சங்களை எண்ணி வைத்தாலன்றிக் கதவு திறவாது. எனவே ஏழைப் பிள்ளைக்கு மொறட்டுவையே கதி. அங்கு புக உயர்தரப் பரீட்சையோடு உளச்சார்புப் பரீட்சையிலும் தேற வேண்டும். சித்திரத்துக்கு ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலையில் பயின்ற மாணவி, கொழும்பில் தனி வகுப்புக்குச் சென்று வந்தவளோடு போட்டியிட வேண்டும்!

தேறினாள் என்றே கொள்வோம். இனித்தான் செலவு தொடங்குகிறது. மருத்துவம் பயில்பவன் நூலகத்துப் புத்தகத்தைக் கொண்டு ஒருவாறு காலந்தள்ளலாம். ஆடை வடிவமைப்பு மாணவி துணியை நூலகத்தில் இரவல் வாங்க முடியுமா? முதலில் பல பக்கம் வரைகிறாள். தேர்ந்தெடுத்த ஒன்றைக் காகிதத்தில் அளந்து வெட்டுகிறாள். பின்பு மலிவான காடாத் துணியில் தைத்து ஆளுருவப் பொம்மைக்கு உடுத்திப் பார்க்கிறாள். தோளில் சுருக்கம் விழுந்தால் பிரித்து மீண்டும் தைக்கிறாள். அதன் பின்னரே உண்மையான துணியில் கத்தரி படுகிறது. ஆக, ஓர் உடைக்கு இருமடங்கு துணி, மும்மடங்கு தையல். இறுதி ஆண்டில் ஒன்றல்ல, ஒரு தொகுதி உடைகளையே ஆக்கிக் காட்ட வேண்டும். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் பொத்தானுக்கும் நூலுக்கும் விலை கேட்டு அலைவதும் பாடத்தின் ஒரு பகுதிதான். இவ்வளவும் ஆங்கில மொழியில்! இராப்பகலாக வேலை செய்தும் நாள் போதாத படிப்பு இது. மற்றத் துறை மாணவர் போல் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லி நாலு காசு தேடவும் நேரம் கிட்டாது.

கணக்கைப் பார்ப்போம். 2024 இல் 1350 ரூபாவான தோட்ட நாட்சம்பளம், வரவுக் கொடுப்பனவோடு 1750 ஆகும் என்று 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. மாதம் 25 நாளும் வேலை கிடைத்தால் (கிடைத்தால் அல்லவா!) கழிவுகளுக்கு முன் 43,750 ரூபா. வடிவமைப்புக்கு ஏற்ற ஒரு மடிக்கணினி இரண்டு இலட்சத்தைத் தாண்டுகிறது. தாயின் நாலரை மாதக் கூலி அது. அதுவரை அடுப்பெரிவது எப்படி? 2025 இல் மகாபொலப் புலமைப்பரிசில் மாதம் 7500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வரவேற்கிறோம். ஆயின் அது சோற்றுக்கும் பஸ்ஸுக்குமே காணாது, துணிக்கு எங்கே?

விடுமுறைக்கு வீடு வந்தாலும் வேலை ஓயாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறையில், ஐவர் படுத்துறங்கும் தரையில், ஒரு பாவாடைக்கான காகிதத்தை எங்கே விரிப்பது?

இது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்குப் படிப்பு. நமக்கெதற்கு என்று படித்த நம்மவரே சொல்லக் கேட்கிறோம். இலண்டனில் வாடகைக் கார் ஓட்டியின் மகன் அலெக்சாந்தர் மெக்குயீன், இளவயதில் பள்ளியை விட்டுத் தையற்கடையில் தொழில் பழகியவர். சென்ற் மார்ட்டின்ஸ் கல்லூரியில் அவர் பயிலக் கட்டணம் செலுத்தியவர் அவருடைய அத்தை. 1992 இல் அவர் ஆக்கிய பட்டத்தொகுதியே அவரை உலகறியச் செய்தது. ஏழைக்கு இக்கலை வராது என்பது பொய். அத்தையின் பணம் வராதிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதே கேள்வி.

நம் பிள்ளைகளுக்கு அந்த அத்தை யார்? இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாகத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி நிதியப் புலமைப்பரிசில் கிடைக்கிறது. அதில், துணியும் கருவியும் தேவைப்படும் படிப்புகளுக்குத் தனிப் பங்கு ஒதுக்க வேண்டும். நம் பெண்களின் உழைப்பால் வளர்ந்த ஆடை நிறுவனங்கள், வெட்டி எஞ்சிய துணிச் சுருள்களை நிறைக்கு விற்பதற்கு முன் மாணவருக்கு ஈயலாம். ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே நீண்ட மேசைகள் இரண்டும் தையல் இயந்திரங்கள் சிலவும் ஆளுருவப் பொம்மை ஒன்றும் வைத்து, விடுமுறை நாட்களில் இம்மாணவருக்குத் திறந்துவிட்டால் போதும். நுவரெலியாவில் கிழங்கும் கோவாவும் பயிரிட்டு நாலு பணம் கண்ட விவசாயிகளும், கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் மலையக அன்பர்களும் ஆளுக்கொரு இயந்திரம் தந்தால், அரசின் கோப்பு மேசைவிட்டு மேசை நகரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உளச்சார்புப் பரீட்சைக்கு வரைதல் கற்பிக்க ஓர் ஓவிய ஆசிரியரை வார இறுதிகளில் அங்கு வரவழைப்பதை முதல் வேலையாகக் கொள்ளலாம். அதற்குத் துணிகூட வேண்டாம், தாளும் பென்சிலும் போதும்.