காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு

பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாம் ஆண்டில் சேரும் மகளுக்காக ஒரு குடும்பம் ஏப்ரல் மாதத்தில் புதிய மடிக்கணினி வாங்குகிறது. விலை 1,400 வெள்ளி. தந்தை பல மாதங்கள் மிகைநேர வேலை செய்து சேமித்த பணம் அது. மூன்றாவது வாரத்தில், மகள் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை திடீரென்று இருண்டுவிடுகிறது. கடைக்குச் சென்றால், "உத்தரவாதம் இருக்கிறதே! தயாரிப்பாளரின் சேவை நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்," என்று கடைக்காரர் கைகாட்டிவிடுகிறார். சேவை நிலையத்தில் ஏழு வேலை நாள் ஆகும் என்கிறார்கள். பத்தாம் நாள் கேட்டால், உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்ற பதில் கிடைக்கிறது. ஐந்தாவது வாரத்தில் கணினி வீடு திரும்புகிறது. நான்கே நாளில் திரை மீண்டும் இருள்கிறது. மறுபடியும் வரிசை எண். மறுபடியும் ஏழு வேலை நாள். இதற்கிடையில் மகள் ஓர் அறிக்கையைக் கைப்பேசியின் சிறு திரையிலேயே தட்டச்சு செய்து முடித்திருக்கிறாள். மற்றோர் அறிக்கையைத் தோழியிடம் இரவல் வாங்கிய கணினியில் எழுதியிருக்கிறாள்.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால், அதன் பொறுமை பல வீடுகளில் காணப்படுவதே. "இலவசமாகத்தானே செய்து தருகிறார்கள், அவர்களை அவசரப்படுத்தலாமா?" என்று பலர் எண்ணுகின்றனர். அடிக்கடி கேட்டால் கடைக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்றும் தயங்குகின்றனர். இந்த எண்ணம் தவறானது. உத்தரவாதம் என்பது கடைக்காரர் காட்டும் கருணை அன்று. வாங்குபவர் முழு விலையையும் முதல் நாளே கொடுத்துவிடுகிறார். அந்த விலை, நல்ல நிலையில் இயங்கும் ஒரு பொருளுக்கான விலையாகும். ஆகவே, பழுதைச் சரிசெய்வது மட்டுமன்றி, அதை உரிய காலத்தில் சரிசெய்வதும் விற்றவரின் கடமையே ஆகும்.

சிங்கப்பூர்ச் சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிகம்) சட்டத்தில் சேர்க்கப்பட்ட சில விதிகள் 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன. மக்கள் இவற்றை 'லெமன் சட்டம்' என்று அழைக்கின்றனர். வாங்கிய பிறகு குறையுள்ளது எனத் தெரியவரும் பொருளை ஆங்கிலப் பேச்சுவழக்கில் 'லெமன்', அதாவது எலுமிச்சை என்பார்கள். அதனால் வந்த பெயர் இது.

இச்சட்டத்தில் பயனீட்டாளர் நினைவில் கொள்ளவேண்டிய கருத்துகள் சில உள்ளன. முதலாவதாக, இச்சட்டத்தின்படி பொறுப்பேற்க வேண்டியவர் பொருளை விற்றவரே. தயாரிப்பாளரின் சேவை நிலையத்தின் வழியாகப் பழுதைச் சரிசெய்ய அவர் ஏற்பாடு செய்யலாம். ஆனால், அதனால் அவருடைய பொறுப்பு நீங்கிவிடாது. இரண்டாவதாக, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்திற்குள் குறை தெரியவந்தால், அக்குறை தொடக்கத்திலிருந்தே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்றால், அதை விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆறு மாதம் கடந்த பிறகு அந்தச் சுமை வாங்கியவரின் தோளுக்கு மாறிவிடும்.

மூன்றாவதாக, தீர்வு இரண்டு படிகளாக அமைந்துள்ளது. முதற்படியில், விற்றவர் தம் செலவில் பொருளைப் பழுதுபார்த்துத் தரவேண்டும் அல்லது மாற்றித் தரவேண்டும். அதையும் நியாயமான காலத்திற்குள், வாங்கியவருக்குப் பெருந்தொல்லை ஏற்படாதவாறு செய்யவேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால் வாங்கியவர் இரண்டாம் படிக்குச் செல்லலாம். பொருளை வைத்துக்கொண்டு விலையைக் குறைக்கும்படி கேட்கலாம். அல்லது அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். அதுவரை பொருளைப் பயன்படுத்தியதைக் கணக்கிட்டு, திரும்பக் கிடைக்கும் தொகை குறைக்கப்படலாம்.

நியாயமான காலம் என்றால் எத்தனை நாள்? சட்டம் எண்ணிக்கை எதையும் குறிப்பிடவில்லை. பொருளின் தன்மை என்ன, அது எந்த நோக்கத்திற்காக வாங்கப்பட்டது என்பவற்றைக் கொண்டே அதை முடிவு செய்யவேண்டும். இதைச் சட்டத்தின் குறையாகச் சிலர் கருதலாம். உண்மையில் இது நியாயமான ஏற்பாடே. விடுமுறை நாள்களில் மட்டும் விளையாடுவதற்கு வாங்கிய கணினி மூன்று வாரம் இல்லாமற்போனால் பொழுதுபோக்கு தடைபடும். பாடத்திற்காக வாங்கிய கணினி மூன்று வாரம் இல்லாமற்போனால் மதிப்பெண் குறையும். நாள்கள் ஒன்றுதான், இழப்பு ஒன்றன்று. ஆனால், அந்த வேறுபாட்டைக் கடைக்காரர் தாமாகவே அறிந்துகொள்ள முடியாது. வாங்குபவர்தான் எடுத்துச் சொல்லவேண்டும். "இது படிப்புக்கான கணினி; ஜூன் 10ஆம் தேதி அறிக்கை ஒப்படைக்க வேண்டும்; அதற்குள் சரிசெய்ய முடியுமா?" என்று தேதியைச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

விற்பவர் தரப்பிலும் சில நியாயங்கள் உள்ளன. எல்லா உதிரிபாகங்களையும் ஒரு கடை இருப்பில் வைத்திருக்க இயலாது. சில பழுதுகள் வந்து வந்து மறையும். சோதிக்கும் வேளையில் கணினி ஒழுங்காக இயங்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டோ கீழே போட்டுவிட்டோ, "தானாகவே கெட்டுப்போனது," என்று சாதிக்கும் வாடிக்கையாளரும் உண்டு. அத்தகைய சேதத்திற்கு இச்சட்டம் துணைநிற்காது. மனம் மாறிவிட்டது என்பதற்காகப் பொருளைத் திருப்பிக் கொடுப்பதற்கும் அது உதவாது. சிறு பழுதுக்காக உடனே புதுக் கணினியே வேண்டும் என்று அடம்பிடிக்கவும் முடியாது. மாற்றித் தருவதற்கு ஆகும் செலவு பழுதுபார்க்கும் செலவைவிட மிக அதிகமென்றால், விற்றவர் அதை மறுக்கலாம்.

இருப்பினும், உதிரிபாகம் வரவில்லை என்பது தாமதத்திற்கான காரணமே தவிர, அந்தச் சுமை முழுவதையும் வாங்கியவர் தலையில் ஏற்றுவதற்கான உரிமை அன்று. பழுதுபார்ப்பு நீளும் என்று தெரிந்தவுடன் அதை வெளிப்படையாகச் சொல்லலாம். அதுவரை பயன்படுத்த இரவல் கணினி ஒன்றைக் கொடுத்து உதவலாம். இரண்டாம் முறையும் அதே பழுது வந்தால், மூன்றாம் முறை முயலாமல் பொருளை மாற்றித் தரலாம். இவ்வாறு நடந்துகொள்ளும் கடைக்கு வாடிக்கையாளர் மீண்டும் வருவார். தம் உறவினரையும் அழைத்து வருவார்.

வாங்கியவருக்கும் கடமைகள் உண்டு. 'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பது பழமொழி. ஆனால், கடையில் நின்று உரத்துச் சத்தம் போடுவதால் மட்டும் காரியம் ஆகிவிடாது. சான்றுகள் தேவை. பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். பழுது தோன்றும்போதே அதைக் கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்யவேண்டும். வந்து வந்து மறையும் பழுதுக்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை. சேவை நிலையத்தில் ஒப்படைக்கும்முன் கோப்புகளைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். பழுதுபார்க்கும்போது அவை அழிந்துபோகக்கூடும். ஒப்படைத்த நாள், திரும்பப் பெற்ற நாள், சொல்லப்பட்ட காரணம் ஆகியவற்றைக் குறித்து வைக்கவேண்டும். தொலைபேசியில் பேசியதைச் சுருக்கமாக எழுதி, அன்றைக்கே கடைக்கு மின்னஞ்சல் அனுப்புவது நல்லது. முக்கியமாக, ஆறு மாதக் காலம் காத்திருப்பிலேயே கழிந்துவிடாமல், குறையை முதல் வாரத்திலேயே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

பேசியும் எழுதியும் பயன் இல்லையென்றால், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடலாம். 1971ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இச்சங்கம் ஆலோசனை வழங்குவதோடு சமரசம் பேசவும் உதவுகிறது. அதற்கு அடுத்த படி, சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாட அனுமதி இல்லை. பெரிய நிறுவனமாயினும் சாதாரணக் குடும்பமாயினும், தத்தம் தரப்பைத் தாமே எடுத்துரைக்க வேண்டும். குறித்து வைத்த தேதிகளும் அனுப்பிய மின்னஞ்சல்களும் அங்கேதான் கைகொடுக்கும்.

அந்த மாணவியின் வீட்டில் இல்லாமற்போனது பணமோ சட்டமோ அன்று, கேட்கும் துணிவுதான். படித்த பிள்ளைகள் அந்தத் துணிவைப் பெற்றோருக்குத் தரலாம். சேவை நிலையத்தில் தந்தை படிவத்தில் கையொப்பமிட்டுத் திரும்பும்போது, உடன் நிற்கும் பிள்ளை பணிவாக ஒரு கேள்வி கேட்கலாம்: "எந்தத் தேதிக்குள் கிடைக்கும்? அதை இந்தப் படிவத்தில் எழுதித் தருவீர்களா?"