இலையை உருவலாமா?

பச்சை இலையைக் கிள்ளுவது பாவம் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மாள். அவர் தொட்டியில் குண்டுமல்லி இலையும் தழையுமாய்ப் புதர் மாதிரி நிற்கிறது. வெள்ளிக்கிழமை பூஜைக்கோ கடையில் முழம் போட்டுப் பூ வாங்குகிறார்! குண்டுமல்லி புதுத் தளிரில்தான் மொட்டு விடும். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டுக் கவாத்து செய்து, மிச்ச இலைகளையும் உருவிவிட வேண்டும் என்பதே என் கட்சி. (நாங்கள் படித்த பிரெஞ்சில் கவாத்துக்கு 'தாய்' என்றுதான் உச்சரிப்பு. அம்மாளிடம் சொன்னால் இன்னும் கோபிப்பார்.)

செம்பருத்திக்கு இந்தச் சட்டம் செல்லாது. அதன் இலைதான் பூவுக்குச் சோறு ஆக்குகிறது; கிளை நுனியை வெட்டலாம், நல்ல இலையை உருவக் கூடாது. மல்லியிலும் நட்ட வருஷம் கை வைக்காதீர்கள். மொட்டையாய் நிற்கும் செடிக்குத் தண்ணீரைக் குறைத்து, துளிர் கண்டபின் தொழுவுரம் போடுங்கள்.