மீசையும் முண்டாசும்

நவம்பர் 14 மாறுவேடப் போட்டிக்கு முண்டாசு வாங்கியாச்சா? அதற்கு முன் இந்த டீச்சர் செய்த தப்பைக் கேளுங்கள்.

அச்சரப்பாக்கத்தில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மீசை வரைந்து, "இனி நீ பாரதியார்" என்றேன். "அப்போ நான் எங்க போனேன் டீச்சர்?" என்று தேம்பித் தேம்பி அழுதான். மேடை ஏறவே இல்லை.

அடுத்த கோடையில் திரௌபதி அம்மன் கோயில் கூத்து. (நம் பக்கம் பாரதக் கூத்து இல்லாத வெயில் காலம் ஏது!) வேஷம் கட்டும் இடத்துக்கு அவனை அம்மாவோடு அழைத்துப் போனேன். அரிதாரம் பூசிய துரியோதனன், கட்டைக் கிரீடம் இன்னும் வைக்காமல், டீ குடித்துக்கொண்டிருந்தார். "நீங்க யாரு?" என்றான். "கிரீடம் வச்சா ராஜா. விடிஞ்சா கழனிக்குப் போகணும்பா" என்று சிரித்தார். பையனும் சிரித்தான்.

கண்ணாடி முன் உட்காரவைத்து, பிள்ளை பார்க்கப் பார்க்க மீசை வரையுங்கள். வேஷத்திலும் வீட்டில் கூப்பிடும் பெயரையே சொல்லுங்கள். போதும் என்றால் உடனே அழித்துவிடுங்கள்; பரிசு கிடக்கட்டும்.