ஒரு சொத்தைப் பல்லும் ஒரு சீட்டும்: கண்காணிப்பாளருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

உங்கள் மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதவில்லை. என் மனுக்கள் உங்கள் மேசையில் கிடப்பதால், எழுதுவது யாரென்று உங்களுக்கே தெரியும். தபாலில் அனுப்பினேன், நேரிலும் கொடுத்தேன். 'பார்க்கிறோம்' என்றார்கள். இனி ஊரும் பார்க்கட்டும்.

ஸ்டெம் செல் சிகிச்சைக்கு முன்னால் நோயாளியின் வாயைப் பரிசோதிக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. என் அண்ணனுக்கு மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய். கடைவாய்ப் பல்லில் சொத்தை, ஈறில் சீழ். அட்மிஷனுக்கு முன்பே சொன்னோம். புற்றுநோய்ப் பிரிவில் 'பல் ஓ.பி.யில் காட்டுங்கள்' என்றார்கள். பல் ஓ.பி.யில் 'அவர்கள் எழுதித் தராமல் தொட மாட்டோம்' என்றார்கள். இரண்டும் ஒரே வளாகம். நடுவில் ஒரு சைக்கிள் ஸ்டாண்ட், அவ்வளவுதான். சீட்டு மட்டும் அதைத் தாண்டி வரவில்லை. எங்கள் கையிலாவது கொடுத்திருந்தால், மறைமலைநகரிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி பொத்தேரியில் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பிடுங்கிவிட்டு, இரண்டு வாரம் புண் ஆறவிட்டு வந்திருப்போம்.

'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று மெல்ஃபாலன் என்ற கீமோ மருந்தை ஏற்றினீர்கள். வெள்ளணுக்கள் அடியோடு இறங்கின. தாடை வீங்கியது, காய்ச்சல் 104. உதட்டின் உட்புறம், நாக்கு, தொண்டை எல்லாம் உரிந்துபோய், எச்சிலை விழுங்க முடியாமல் கிண்ணத்தில் வடியவிட்டுக்கொண்டிருந்தார். மார்ஃபின் போட்டும் பேச்சில்லை. 'தண்ணி வேண்டாம், எரியுது' என்று நோட்டில் எழுதிக் காட்டினார்.

மெல்ஃபாலன் ஏறும்போது ஐஸ் துண்டுகளை வாயில் அடக்கிவைத்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கும், மருந்து வாய்ச் சதைக்கு அதிகம் போகாது, புண் குறையும். உலகம் முழுக்கச் செய்கிறார்கள். நாங்களும் கேட்டோம். 'சளி பிடிக்கும்' என்றார் செவிலியர். அவரை நோக மாட்டேன். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. உங்கள் கேன்டீனில் ரோஸ் மில்க்குக்கு மட்டும் ஐஸ் தாராளம்.

புதுச் சிகிச்சை, பழக நாளாகும் என்பீர்களா? வேலூரில் 1986லேயே எலும்பு மஜ்ஜை மாற்றத் தொடங்கிவிட்டார்கள். நிதி இல்லையா? எதற்கு, ஐஸுக்கா?

என் மனுக்களுக்கு வந்த ஒரே பதில்: 'உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது.' எந்தப் பிரிவுக்கு ஐயா, பல் ஓ.பி.க்கா?

அண்ணன் பிழைத்துக்கொண்டார். அந்தப் புண்ணியத்தில் உங்களுக்குப் பங்கில்லை. அடுத்த வாரம் அவர் இருந்த அறைக்கு ஒரு கல்லூரி மாணவி வரப்போகிறாள். மருந்து ஏற்றுவதற்கு முன் டார்ச்சோடு ஒருவரை அனுப்பி அவள் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் நீங்களே போங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தம்பி,
மறைமலைநகர்